புது விதி வந்த நாளில்: மேசைப் போர் ஆட்டத்தின் 200 ஆண்டுக் கதை



இந்த இதழில் அரசர், கோயில், கல்வெட்டு எதுவும் இல்லை. ஒரு விளையாட்டின் வரலாற்றைச் சொல்லப் போகிறேன். மேசையின் மேல் மலை, ஆறு, கிராமம் எல்லாம் அமைத்து, பொம்மைப் படைகளை நிறுத்தி, அளவுகோலால் தூரம் அளந்து, பகடை உருட்டிச் சண்டை போடும் ஆட்டம் அது. ‘வார்கேம்’ என்பார்கள். நம்மில் பலருக்கு இது பழக்கம் இல்லாத ஆட்டம்தான். ஆனால் உங்கள் வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ‘வார்ஹாமர்’ என்ற பெயரையாவது கேள்விப்பட்டிருப்பார்கள்.

பரமபதத்தையும் பல்லாங்குழியையும் நாம் பாட்டியிடம் கற்ற விதிப்படியே இன்றும் ஆடுகிறோம். மேசைப் போர் ஆட்டம் அப்படி இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய பதிப்பு என்று ஒரு விதிப்புத்தகம் வரும். நேற்று வரை சரியாக இருந்தது இன்று தப்பாகிவிடும். அந்தப் புத்தகத்தை முதன்முதலில் பிரித்துப் படித்த ஆட்டக்காரர்கள் என்ன சொன்னார்கள்? ஏன் அப்படிச் சொன்னார்கள்? அவர்கள் சொன்னது சரியாக இருந்ததா? இதைப் பார்ப்பதுதான் என் நோக்கம். விதி மாறுவது விளையாட்டில் மட்டும் நடப்பதில்லை என்பதால், இது ஆடாதவர்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

மந்திரிக்கு வெறி பிடித்த கதை

முதலில் நமக்குத் தெரிந்த சதுரங்கத்திலிருந்து தொடங்குவோம். அதுவும் போர் ஆட்டம்தான். யானை, குதிரை, தேர், காலாள் என்று நால்வகைப் படையின் பெயரிலேயே அது இருக்கிறது. இந்தியாவிலிருந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியாக அது ஐரோப்பாவுக்குப் போனது.

இன்று ராணி என்று நாம் சொல்லும் காய், அந்தக் காலத்தில் ராஜாவின் பக்கத்தில் நிற்கும் மந்திரி. நம் வீட்டுப் பெரியவர்கள் அதை மந்திரி என்றே சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த மந்திரி ஒரே ஒரு கட்டம், அதுவும் குறுக்காக மட்டுமே நகர்வார். பலகையிலேயே மிகச் சாதுவான காய்களில் ஒன்று. 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் விதி மாறியது. ஐரோப்பாவில் ஏற்கெனவே ராணியாகிவிட்டிருந்த அந்தக் காய்க்கு, எட்டுத் திசையிலும் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகும் உரிமை கிடைத்தது.

ஆட்டக்காரர்களுக்கு அப்போது என்ன தோன்றியது என்பதை அவர்கள் வைத்த பெயரே காட்டுகிறது. இத்தாலியர்கள் இதை ‘வெறிபிடித்த சதுரங்கம்’ என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ‘வெறிபிடித்த ராணியின் சதுரங்கம்’ என்றார்கள். பொறுமையாகப் பல மணி நேரம் படை நகர்த்திப் பழகியவர்களுக்கு, நாலைந்து நகர்த்தலில் ராஜா மாட்டிக்கொள்ளும் ஆட்டம் வெறியாகத்தானே தெரியும்! 1497இல் ஸ்பெயினின் சலமன்காவில் லூசேனா என்பவர் வெளியிட்ட சதுரங்க நூலில் பழைய முறைக் கணக்குகளும் புதிய முறைக் கணக்குகளும் சேர்ந்தே இருக்கின்றன. அதாவது, அன்றைக்கு இரண்டையும் ஆடுகிறவர்கள் இருந்தார்கள். சில பத்தாண்டுகளில் ஐரோப்பாவில் பழைய முறை ஒதுங்கிப்போனது. இன்று விஸ்வநாதன் ஆனந்தும் குகேஷும் ஆடுவது அந்த ‘வெறிபிடித்த’ பதிப்பைத்தான்.

அரசருக்கு ஒரு மேசை

சதுரங்கத்தை நிஜப் போருக்கு நெருக்கமாகக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை ஜெர்மானியர்களுக்கு வந்தது. 1780இல் பிரவுன்ஷ்வைக் நகரின் ஹெல்விக் என்பவர் 1,600க்கும் அதிகமான கட்டங்கள் கொண்ட ஒரு பலகையில் ஆட்டம் அமைத்தார். கட்டங்களின் நிறத்தை வைத்து இது மலை, இது சதுப்பு, இது நீர் என்று பிரித்திருந்தார். அடுத்து வந்த வென்டுரினி 3,600 கட்டங்களுக்குப் போனார். கட்டம் கூடக் கூட விதியும் கூடியது. ஆனாலும் படைகள் கட்டத்துக்குக் கட்டம் தாவின. நிஜப் படை அப்படி நடக்காதே?

இதை உடைத்தவர்கள் பிரஷ்யாவைச் சேர்ந்த ஒரு தந்தையும் மகனும். இருவரின் குடும்பப் பெயரும் ரைஸ்விட்ஸ். தந்தை பிரெஸ்லாவ் நகரில் இருந்த பிரபு. கட்டங்களை எடுத்துவிட்டு, நிலத்தை அளவு மாறாமல் சிறிதாக்கி, அதன் மேல் படைகளை நகர்த்தலாம் என்று கண்டுபிடித்தார். 1812இல் மூன்றாம் ஃபிரெடெரிக் வில்லியம் அரசருக்கு ஒரு பெரிய மேசையைச் செய்து கொடுத்தார். நிலப்பகுதிகளைப் பிளாஸ்டர் ஓடுகளாகச் செய்து, மலை, ஆறு, சாலை எல்லாம் வண்ணம் தீட்டி வைத்திருந்தார். வேண்டியபடி மாற்றி அடுக்கலாம். படைக் காய்கள் பீங்கான். அந்த மேசை பெர்லினின் சார்லட்டன்பர்க் அரண்மனையில் பாதுகாக்கப்பட்டு வந்திருக்கிறது.

அரச குடும்பத்துக்கு மேசை பிடித்துப் போனது. ஆனால் அது அரண்மனைப் பொருளாகவே இருந்தது. ஒரு சாதாரண ரெஜிமென்ட் அதிகாரி அதற்கு எங்கே போவார்?

முஃப்லிங்கின் முகம் மாறிய கதை

பிரஷ்ய பீரங்கிப் படையில் லெப்டினன்ட்டாக இருந்த மகன் அந்தக் குறையைத் தீர்த்தார். 1824இல் அவர் வெளியிட்ட புதிய விதிகள்தான் இன்றைய மேசைப் போர் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் தாய்ப்பத்திரம். பிளாஸ்டர் மேசைக்குப் பதிலாக 1:8000 அளவில் வரைந்த காகித வரைபடம். சிவப்பு, நீலம் என்று இரு பக்கத்துக்கும் சிறு சிறு கட்டைகள். ஒரு சுற்று என்பது போர்க்களத்தின் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் காலாட்படை எத்தனை அடி நடக்கும், குதிரைப்படை எவ்வளவு பாயும் என்பதற்குக் கணக்கு உண்டு. இத்தனை தூரத்தில் சுட்டால் எத்தனை பேர் விழுவார்கள் என்பதற்குப் பட்டியலும் பகடையும் உண்டு.

எல்லாவற்றையும் விடப் பெரிய புதுமை, நடுவர். இரு தரப்பும் தங்கள் உத்தரவுகளை எழுதி நடுவரிடம் தருவார்கள். எதிரியின் கண்ணுக்குப் படக்கூடிய படைகளை மட்டுமே அவர் வரைபடத்தில் வைப்பார். மலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமலே நீங்கள் முடிவெடுக்க வேண்டும். சதுரங்கத்தில் எதிரியின் எல்லாக் காய்களும் கண் முன்னே இருக்கும். இங்கே கண்ணைக் கட்டிவிட்டது போல. நிஜத் தளபதியின் நிலையும் அதுதான்.

இதைப் பார்த்தவர்களின் முதல் எதிர்வினை நமக்குக் கிடைத்திருக்கிறது. ரைஸ்விட்ஸுடன் இருந்த ஓர் அதிகாரி, 50 ஆண்டுகள் கழித்து எழுதி வைத்த நினைவுக் குறிப்பு அது. பின்னாளில் ஜெர்மன் பேரரசர் ஆன இளவரசர் வில்லியம் ஆட்டத்தைப் பார்த்து மகிழ்ந்து, ராணுவத் தலைமை அலுவலகத்துக்குப் பரிந்துரை செய்தார். தலைமை அதிகாரி ஜெனரல் முஃப்லிங். நெப்போலியனுக்கு எதிரான போர்களில் பங்கெடுத்த மூத்தவர். இளவரசர் சொன்னதால் பார்க்கச் சம்மதித்தார். வரவேற்பில் சூடு இல்லை. ஏதோ பலகை விளையாட்டு என்றுதான் எதிர்பார்த்திருந்தார்.

ரைஸ்விட்ஸ் பலகையை எடுக்கவில்லை, வரைபடத்தை விரித்தார். ஜெனரலுக்கு முதல் வியப்பு. “போர்ச் சூழ்நிலையைத் தாங்களே கொடுங்கள், படைத் தலைவர்களையும் தாங்களே தேர்ந்தெடுங்கள்” என்ற பொருளில் ரைஸ்விட்ஸ் கேட்டுக்கொண்டார். அவரும் கொடுத்தார். ஆட்டம் நகர நகர ஜெனரலின் முகம் மாறியது. கடைசியில் அவர் சொன்னதன் சாரம் இது: இது விளையாட்டு என்ற வகையில் சேராது, போருக்கான பயிற்சி, முழு ராணுவத்துக்கும் இதைப் பரிந்துரைக்கிறேன். சொன்னபடியே ராணுவ வார இதழில் எழுதவும் செய்தார். ரெஜிமென்டுக்கு ஒரு பெட்டி என்று அரசரின் உத்தரவும் வந்தது.

கதை இத்துடன் முடிந்தால் சுபம். ஆனால் எல்லோரும் முஃப்லிங் ஆகிவிடுவார்களா? எதிர்ப்பும் வந்தது. இதை ஆடினால் இளைஞர்கள் தங்களைப் பெரிய தளபதிகளாக நினைத்துக்கொள்வார்கள், அன்றாடக் கடமையில் மனம் போகாது என்றார்கள் சிலர். யோசித்துப் பாருங்கள். ஒரு லெப்டினன்ட் எழுதிய விதிப்படி, மேசையில் இன்னொரு இளைஞன் தன் மேலதிகாரியையே தோற்கடிக்க முடியும். பதவிக்கு அந்த வரைபடத்தில் எந்தச் சலுகையும் இல்லை. இந்த விஷயத்தில் விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததுதான் சிலருக்கு உறுத்தல்.

ரைஸ்விட்ஸ் பெர்லினை விட்டு டோர்காவ் என்ற ஊருக்கு மாற்றப்பட்டார். கேப்டன் பதவி உயர்வோடுதான். ஆனாலும் அதைத் தண்டனையாகவே அவர் எடுத்துக்கொண்டதாகச் சொல்கிறார்கள். 1827இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 33தான். அவருடைய ஆட்டம் நிற்கவில்லை. அதை விரும்பி ஆடிய இளம் அதிகாரிகளில் ஒருவர் ஹெல்முத் ஃபான் மோல்ட்கே. 1857இல் ராணுவத் தலைமை அலுவலகத்துக்கே தலைவரானார். அதன் பிறகு போர் ஆட்டம் பிரஷ்ய அதிகாரிகளின் படிப்பில் பிரிக்க முடியாத பகுதியானது.

விதியே வேண்டாம் என்றவர்

1870-71இல் பிரஷ்யா பிரான்சைத் தோற்கடித்ததும் மற்ற நாடுகள் அதன் ரகசியத்தைத் தேடின. பிரிட்டிஷ் ராணுவம் 1872இலேயே ஜெர்மன் விதிகளைத் தழுவி ஆங்கிலத்தில் புத்தகம் போட்டது. வெளிநாட்டினர் விதிப்புத்தகத்தை ஆசையோடு மொழிபெயர்த்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், ஜெர்மனியில் அந்த விதிகள் அதிகாரிகளுக்குச் சலித்துப்போயிருந்தன.

காரணம் எளிது. ஒவ்வொரு மோதலுக்கும் பட்டியலைப் புரட்டு, பகடையை உருட்டு, கூட்டு, கழி. இரண்டு நிமிடச் சண்டையை முடிக்க அதைவிடப் பல மடங்கு நேரம். 1862இல் ட்ஷிஷ்விட்ஸ் என்ற அதிகாரி விதிகளைச் சுருக்கிப் பார்த்தார். 1873இல் மெக்கெல் என்ற இளம் அதிகாரி, போர் பார்த்த நடுவரின் அறிவை இந்தப் பட்டியல்கள் கட்டிப்போடுகின்றன என்று எழுதினார். (இதே மெக்கெல் பின்னர் ஜப்பானுக்குப் போய் அந்நாட்டு ராணுவத்துக்கு ஆசிரியராக இருந்தார்.) 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற ஜெனரல் ஒரே போடாகப் போட்டார். பிரான்ஸ் போரில் மோல்ட்கேயின் அலுவலகத்தில் பணியாற்றியவர் அவர். பட்டியலும் வேண்டாம், பகடையும் வேண்டாம், அனுபவசாலியான நடுவர் நிலைமையைப் பார்த்து முடிவு சொன்னால் போதும் என்றார். ‘சுதந்திரப் போர் ஆட்டம்’ என்று இதற்குப் பெயர்.

சலித்திருந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆட்டம் வேகம் பிடித்தது. ஆனால் மற்றவர்கள் உடனே கேட்ட கேள்வியும் நியாயமானது: நடுவர் தனக்கு வேண்டியவருக்குச் சாதகமாகச் சொன்னால்? பகடைக்கு மாமன் மச்சான் கிடையாது. நடுவருக்கு உண்டு. ராணுவத்துக்குள் இந்த முறை செல்லுபடியானதற்குக் காரணம், அங்கே நடுவர் மூத்த அதிகாரி. அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர் ஒரு மாலைப் பொழுதில் சந்தித்து ஆட இந்த முறை உதவாது.

சதுரமா, அறுகோணமா?

20ஆம் நூற்றாண்டில் ஆட்டம் ராணுவத்திலிருந்து வீட்டுக்கு வந்தது. நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மை வீரர்களைக் கொண்டு ஆட ஒரு விதிப்புத்தகமே எழுதினார். ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் நிஜமாகவே சுட்டு எதிரியின் வீரர்களைச் சாய்க்க வேண்டும். யோசிக்கிறேன் பேர்வழி என்று எதிராளி நேரத்தை இழுத்தடிக்காமல் இருக்க, கடிகாரம் வைத்து நேரக் கட்டுப்பாடும் கொண்டுவந்தார்.

அமெரிக்காவில் சார்லஸ் ராபர்ட்ஸ் என்பவர் 1954இல் அட்டைப்பெட்டியில் விற்கும் போர் ஆட்டத்தை வெளியிட்டார். பின்னர் அவர் தொடங்கிய அவலான் ஹில் நிறுவனம் 1958இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் ‘கெட்டிஸ்பர்க்’ சண்டையை ஆட்டமாக்கியது. முதல் பதிப்பில் சதுரக் கட்டங்கள். 1961இல் தேன்கூடு போன்ற அறுகோணக் கட்டங்களோடு புதிய பதிப்பு வந்தது. கணக்குப்படி அறுகோணமே சரி. சதுரத்தில் குறுக்காகப் போனால் நேராகப் போவதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தூரம் ஒரே நகர்வில் கிடைத்துவிடும். அறுகோணத்தில் ஆறு பக்கமும் ஒரே தூரம். ஆனால் 1964இல் வந்த அடுத்த பதிப்பில் நிறுவனம் பழைய சதுரத்துக்கே திரும்பியது! இத்தனைக்கும் அந்நிறுவனத்தின் மற்ற ஆட்டங்களில் அறுகோணம் நிலைத்து, அந்தத் தொழிலுக்கே அடையாளமானது. புதிய முறை சரியாக இருந்தாலும், எந்த இடத்தில் எப்போது வருகிறது என்பதும் முக்கியம் போலிருக்கிறது.

2015 ஜூலை

இப்போது நம் காலத்துக்கு வருவோம். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் உள்ள கேம்ஸ் ஒர்க்ஷாப் நிறுவனம் 1983இல் ‘வார்ஹாமர்’ ஆட்டத்தைக் கொண்டுவந்தது. குள்ளர்கள், அரக்கர்கள், எலி மனிதர்கள், எலும்புக்கூட்டுப் படைகள் எல்லாம் மோதும் கற்பனை உலகம். 1987இல் அதன் விண்வெளி வடிவமான ‘வார்ஹாமர் 40,000’ வந்தது.

இந்த ஆட்டத்தில் ஒருவர் போடும் முதலீட்டை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பொம்மைகள் ஒட்டாத துண்டுகளாக வரும். ஒவ்வொன்றையும் வெட்டி, ஒட்டி, மெல்லிய தூரிகையால் வண்ணம் தீட்ட வேண்டும். ஒரு படை தயாராக மாதக்கணக்கில் ஆகும். சிலர் 20, 30 ஆண்டுகளாக ஒரே படையை வளர்த்து வந்தார்கள். ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு புள்ளி மதிப்பு உண்டு. சாதாரண ஈட்டிக்காரனுக்குக் கொஞ்சம், டிராகனுக்கு நிறைய. இருவரும் தலா 2,000 புள்ளிக்குப் படை கொண்டுவருவோம் என்று பேசிக்கொண்டால் போதும். முன்பின் தெரியாதவர்களும் சமமாக உட்கார்ந்து ஆடலாம். புள்ளி அங்கே ரூபாய் மாதிரி.

2014-15இல் வரிசையாக வந்த புத்தகங்களில் நிறுவனம் அந்தப் பழைய உலகத்தைக் கதைப்படி அழித்துவிட்டது. 2015 ஜூலையில் ‘ஏஜ் ஆஃப் சிக்மார்’ என்ற புதிய ஆட்டம் அந்த இடத்துக்கு வந்தது. கனத்த விதிப்புத்தகம் போய், நான்கே பக்கம். அதுவும் இலவசம். பழைய பொம்மைகள் எல்லாவற்றுக்கும் புதிய விதித் தாள்களையும் இலவசமாகவே தந்தார்கள். கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? ஆட்டக்காரர்கள் கொதித்துப்போனார்கள். தன் படையையே எரித்துப் படம் பிடித்துக் காட்டினார் ஒருவர்.

ஏன் இவ்வளவு கோபம்? அந்த நான்கு பக்கத்தில் புள்ளி இல்லை. யார் எத்தனை பொம்மை வேண்டுமானாலும் வைக்கலாம். ஒரு தரப்பில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ அதிகம் இருந்தால் மற்றவருக்கு ஒரு சலுகை உண்டு. ஆனால் அந்தக் கணக்கு தலை எண்ணிக்கைதான். பத்து குட்டிப் பூதங்களும் பத்து டிராகன்களும் ஒரே எண்ணிக்கை! மீசை பெரிதாக இருப்பவர் பகடையை மறுபடி உருட்டலாம் என்பது போன்ற வேடிக்கை விதிகளும் சில பழைய கதாபாத்திரங்களுக்கு எழுதப்பட்டிருந்தன. நண்பர்களுக்குள் சிரிப்பு. பல வருடம் அக்கறையாக ஆடியவருக்கோ, ‘உன் ஆட்டம் கேலிக்குரியது’ என்று சொன்ன மாதிரி. பழைய வீரர்கள் வரிசையாக அணிவகுக்கச் சதுர அடித்தட்டில் நின்றார்கள். புதிய ஆட்டத்தில் அடித்தட்டு வட்டம்.

இதைப் படித்தபோது எனக்கு 2016 நவம்பர் 8 நினைவுக்கு வந்தது. பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த இரவு. அடுத்து வந்த வாரங்களில் கவுண்டரின் உட்பக்கம் இருந்தவன் நான். வரிசையில் நின்றவர்களில் பொருளாதாரக் கொள்கை சரியா தப்பா என்று முதலில் கேட்டவர் யாரும் இல்லை. “சார், என்கிட்ட இருக்கறது செல்லுமா?” என்றுதான் கேட்டார்கள். கையில் இருந்த தாள் கிழியவில்லை, நனையவில்லை. அதன் மேல் இருந்த உறுதிமொழி மட்டும் மாறியிருந்தது. வார்ஹாமர் ஆட்டக்காரரின் அலமாரியிலும் ஒரு பொம்மைகூட உடையவில்லை. மாற்றிக்கொள்ள இலவசத் தாளும் கொடுத்தார்கள். ஆனால் எந்த அளவுகோலில் மதிப்பைச் சொல்வது என்பதே இல்லாமல் போனது.

சிலர் பழைய விதியைத் தாங்களே திருத்தி ‘ஒன்பதாம் யுகம்’ என்ற பெயரில் தொடர்ந்தார்கள். சிலர் வேறு நிறுவனத்தின் ஆட்டத்துக்குப் போனார்கள். புதிய ஆட்டத்தில் தங்கியவர்களோ தாங்களே புள்ளிப் பட்டியல் தயாரித்துப் போட்டி நடத்தினார்கள். நிறுவனம் இதைக் கவனித்தது. ஒரே ஆண்டில், 2016 கோடையில், புள்ளிகளோடு ஒரு கையேடு வெளியிட்டது. புள்ளி வேண்டாதவர் வேண்டாமலே ஆடலாம், வேண்டியவருக்கு இதோ. அதன் பிறகு அந்த ஆட்டம் நிமிர்ந்து நின்றது.

அந்தப் பாடம் வீண் போகவில்லை. 2017 ஜூனில் ‘வார்ஹாமர் 40,000’க்கு எட்டாம் பதிப்பு வந்தபோது மாற்றம் அதைவிடக் குறைவில்லை. பழைய படைப் புத்தகங்கள் எல்லாமே ஒரே நாளில் செல்லாதவை ஆயின. ஆனால் இந்த முறை போட்டி நடத்துபவர்களை முன்கூட்டியே அழைத்து ஆடிப் பார்க்கச் சொன்னார்கள். என்ன மாறுகிறது, ஏன் மாறுகிறது என்று வெளிவரும் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்கள். எல்லாப் படைகளுக்கும் புள்ளியோடு புதிய பட்டியல் முதல் நாளே தயாராக இருந்தது. 1998இன் மூன்றாம் பதிப்பில் நீக்கப்பட்ட ஒரு விவரம், அதாவது ஒவ்வொரு வகை வீரனுக்கும் தனித்தனி நடை வேகம், இதில் திரும்பி வந்தது. பழைய ஆட்களுக்கு ஊரில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்திருக்கும். குறைகள் சொன்னவர்கள் இருந்தாலும் பொதுவாக வரவேற்பு நன்றாகவே இருந்தது. கடைசியில், 2024 ஜனவரியில், அழிக்கப்பட்ட அந்தப் பழைய உலகமும் ‘தி ஓல்ட் வேர்ல்ட்’ என்ற பெயரில் சதுர அடித்தட்டுகளோடு திரும்பி வந்தது. அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தவர்கள் தூசி தட்டி எடுத்தார்கள்.

எந்தக் குறையைக் காதில் வாங்குவது?

இத்தனையையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. முதல் எதிர்வினை சில சமயம் தப்பாகிவிடுகிறது, சில சமயம் மிகச் சரியாக இருக்கிறது. வெறிபிடித்த ராணி என்றவர்களைக் காலம் பொய்யாக்கியது. புள்ளி எங்கே என்று 2015இல் கேட்டவர்களை ஓராண்டிலேயே மெய்யாக்கியது. இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது?

எனக்குத் தோன்றும் அளவுகோல் இது. ராணிக்குக் கிடைத்த வேகம் இரண்டு பேருக்கும் சமமாகவே கிடைத்தது. பழகியவரின் பழக்கம்தான் அடிபட்டது. இரண்டு அந்நியர்கள் எதிரெதிரே உட்கார்ந்து நியாயமாக ஆட அதன் பிறகும் முடிந்தது. 1824இன் புதிய விதியில் எரிச்சல்பட்டவர்களின் குறையும் அந்த வகைதான். அவர்கள் இழந்தது பதவியின் சௌகரியத்தை. ஆனால் 1876இல் ‘நடுவர் ஒருதலையாகச் சொன்னால்?’ என்று கேட்டவரும், 2015இல் ‘புள்ளி எங்கே?’ என்று கேட்டவரும் வேறு விஷயத்தைச் சொன்னார்கள். சமமாக உட்காரும் வழியே போகிறது என்றார்கள். அந்தக் குறையை ஒதுக்கினால் ஆட்டம் நிற்காது.

நம்முடைய குடியிருப்பிலும் பைலா திருத்தம், வண்டி நிறுத்தும் இடம், பராமரிப்புக் கட்டணக் கணக்கு என்று விதிகள் மாறத்தான் செய்யும். அறிவிப்பு வந்த அன்று நமக்குள் எழும் முதல் குரலும் மேலே சொன்ன ஆட்டக்காரர்களின் குரலேதான். “இதுவரை இருந்தது செல்லுமா?” என்று கேட்பவரைக் குறை சொல்லாதீர்கள். அவர் பல வருடம் இந்த இடத்தில் முதலீடு செய்தவர். அதே சமயம், கேட்கும் நாமும் ஒரு நிமிடம் நிறுத்திப் பார்க்கலாம். அடிபடுவது என் பழக்கமா, அல்லது பக்கத்து வீட்டுக்காரரும் நானும் சமமாக உட்காரும் ஏற்பாடா? முதலாவது என்றால் கொஞ்ச நாளில் பழகிவிடும். இரண்டாவது என்றால் கூட்டத்துக்கு வந்து எழுந்து நின்று சொல்லுங்கள். விதி எழுதுபவர்களும் 2017இல் செய்தது போல, ஆடப் போகிறவர்களை முதலிலேயே கூப்பிட்டு ஆடிப் பார்க்கச் சொல்லலாம்.

உங்கள் பிள்ளைகள் யாராவது இந்த ஆட்டம் ஆடுபவராக இருந்தால், ஒரு மாலை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எந்தப் பதிப்பு ஆடுகிறாய், முந்தைய பதிப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். குறைந்தது அரை மணி நேரம் பேசுவார்கள். அடுத்த காலாண்டு இதழில் சந்திப்போம்.